பவுல்டர்ஸ் கடற்கரையில் குழந்தைகளோடு ஒரு பகல்: எப்போது போவது, எங்கே இறங்குவது

கேள்வி இது: டிசம்பர் கடைசியில் கேப் டவுன் போகிறார்கள். ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள மாமியார் உடன் வருகிறார். சைமன்ஸ் டவுன் ஊரில் உள்ள பவுல்டர்ஸ் கடற்கரையில் பிள்ளைகள் கடலில் இறங்கலாமா, பென்குயினைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா, இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டுமா?

கடலில் இறங்கலாம். கேப் டவுனைச் சுற்றியுள்ள கடற்கரைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட அடக்கமான நீர் கிடைப்பது அரிது. ஆனால் அங்கே போய் ஏமாந்து திரும்புகிறவர்களும் நிறைய. பதினொரு மணிக்குப் போய், கடல் ஏறியிருக்கும் நேரத்தில், மணலே கண்ணில் படாமல், நிற்க இடமில்லாமல் அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். இந்தக் கடற்கரை சிறியது. நேரத்தையும் கடல் ஏற்ற இறக்கத்தையும் பார்த்துப் போனால் அருமை, பார்க்காமல் போனால் வெறும் நெரிசல்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கேப் டவுன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஃபால்ஸ் பே என்ற பெரிய வளைகுடாவின் மேற்குக் கரையில் சைமன்ஸ் டவுன் இருக்கிறது. தென்கடலிலிருந்து பெரிய அலைகள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருகின்றன. தெற்கு முனையான கேப் பாயின்ட் வரை நீளும் மலைத்தொடர் அந்தப் பக்கத்தை மறித்துவிடுவதால், அலை வளைந்து திரும்பி இந்தக் கரைக்கு வருவதற்குள் பாதி வலு போய்விடும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1740களில் குளிர்காலத்தில் தன் கப்பல்களை கேப் டவுன் நகரத்தை ஒட்டிய டேபிள் பே வளைகுடாவில் நிறுத்தாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தியதற்கும் காரணம் இந்த மறைப்புதான். பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தளமாகி, 1957 முதல் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் தளமாக இருக்கிறது.

இது முதல் மறைப்பு. இரண்டாவது மறைப்பு பாறைகள். கரையோரம் முழுக்க யானை அளவிலும் வீடு அளவிலும் உருண்ட கருங்கற்கள் கடலுக்குள் இறங்கிக் கிடக்கின்றன. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிய குழம்பு இறுகிப் பாறையானது. பின்னர் வெடிப்புகளில் நீர் இறங்கி, மூலைகள் முதலில் மக்கி உதிர, மிஞ்சியவை உருண்டைகளாக வெளிப்பட்டன. பக்கத்தில் நின்று பாருங்கள்: சாம்பல் நிறப் பாறையில் விரல் கணு நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாகச் செவ்வகத் துண்டுகள் பதிந்திருக்கும். அவை ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள். மெதுவாகக் குளிர்ந்த பாறை என்பதற்கு அடையாளம். அலை தேய்த்த இடங்களில் வழவழப்பாகவும், வெயில் படும் மேற்பகுதியில் கை உரசினால் தோல் வழண்டுபோகும் அளவுக்குச் சொரசொரப்பாகவும் இருக்கும். பிள்ளைகள் பாறையில் சறுக்கி விளையாட ஆசைப்படுவார்கள், நீச்சல் உடையோடு வேண்டாம்.

இந்தப் பாறைகள் அலையை உடைத்துவிடுவதால் இடையிடையே சிறு சிறு குடாக்கள் உருவாகியிருக்கின்றன. வெண்மணல், இடுப்பளவு நீர், உள்ளே வருவதற்குள் அலை வெறும் சலசலப்பாகிவிடும். மனிதர்களுக்குப் பிடித்த அதே காரணத்துக்காகத்தான் பென்குயின்களுக்கும் இந்த இடம் பிடித்துப்போனது.

"பவுல்டர்ஸ்" என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் அங்கே தனித்தனி இடங்கள் இருக்கின்றன, குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஃபாக்ஸி கடற்கரை: இங்கே பென்குயின் கூட்டம் அதிகம். மரப்பலகைப் பாதையில் நின்று பார்க்கலாம், மணலில் இறங்க முடியாது, குளிக்க முடியாது. பார்வையாளர் மையம் இந்தப் பக்கம், சீஃபோர்த் சாலை முடிவில் இருக்கிறது. பவுல்டர்ஸ் கடற்கரை: பெல்வ்யூ சாலைப் பக்கம் தனி வாயில். மணலில் உட்காரலாம், கடலில் குளிக்கலாம், பென்குயின்களும் நடந்து வரும். இரண்டும் டேபிள் மவுன்டன் தேசியப் பூங்காவுக்குள் அடக்கம். ஒரே நுழைவுச் சீட்டு அதே நாளில் இரண்டுக்கும் செல்லும், எனவே ரசீதைத் தொலைக்காதீர்கள். இரண்டு வாயில்களுக்கும் நடுவே வில்லிஸ் நடைபாதை ஓடுகிறது. அதற்குக் கட்டணமே இல்லை. புதருக்குள் கூடு வைத்திருக்கும் பென்குயின்களை வேலிக்கு இப்பால் நின்றே வெகு அருகில் பார்த்துவிடலாம். பலர் அவசரமாகக் கடந்துபோகும் இந்தப் பாதையில்தான் முட்டை அடைகாப்பதையும் குஞ்சுக்கு இரை கொடுப்பதையும் நன்றாகப் பார்க்க முடியும்.

கட்டணம் வெளிநாட்டவருக்குத் தனி, உள்ளூர்க்காரர்களுக்குத் தனி. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் மாறுகிறது, கிளம்புமுன் தேசியப் பூங்கா நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பெரியவருக்கு இப்போது 200 ராண்டுக்கு மேல். பிள்ளைகளுக்குப் பாதி அளவில் இருக்கும். வங்கி அட்டையைக் கையில் வைத்திருங்கள். தென்னாப்பிரிக்காவில் பல தேசியப் பூங்காக்களுக்குப் போகும் திட்டம் இருந்தால் 'வைல்ட் கார்டு' என்ற ஆண்டு அட்டை லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ஓர் இடத்துக்காக மட்டும் அது தேவையில்லை.

இனி நேரம். டிசம்பரிலும் ஜனவரியிலும் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7.30 வரை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 8 முதல் மாலை 5 வரைதான். சுற்றுலாப் பேருந்துகள் ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் வரத் தொடங்கி மதியம் மூன்று வரை வந்துகொண்டே இருக்கும். உங்கள் நாள்கள் அங்கே பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் சேர்ந்தவை, ஊரே கடற்கரையில் இருக்கும். பவுல்டர்ஸ் பக்க வாகன நிறுத்தம் மிகச் சிறியது, முதலில் நிரம்புவது அதுதான். கடற்கரை நிறைந்துவிட்டால் வாயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தியும் வைப்பார்கள். ஆகவே காலை ஆறரைக்கு நகரத்திலிருந்து கிளம்பி ஏழரைக்குள் அங்கே இருங்கள். அது முடியாவிட்டால் மாலை நான்குக்கு மேல் போங்கள். இரண்டுக்கும் நடுவே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காலை, மாலை என்பதில் ஒரு வித்தியாசம் உண்டு. கடற்கரை கிழக்கு நோக்கியது, மலை முதுகுப்பக்கம் மேற்கே நிற்கிறது. காலை வெயில் நேரே விழும், நீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து தெரியும், படம் எடுக்கவும் நல்லது. மாலையில் மலை நிழல் சீக்கிரம் இறங்கிவிடும், நனைந்த பிள்ளைகள் நடுங்கத் தொடங்குவார்கள். ஆனால் கடலுக்கு இரை தேடப் போன பென்குயின்கள் கூட்டமாகக் கரையேறுவது மாலையில்தான். குளிப்பது முக்கியம் என்றால் காலை, பென்குயின் முக்கியம் என்றால் மாலை.

இப்போது பெரும்பாலான பயணக் குறிப்புகளில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன்: கடல் ஏற்ற இறக்கம். இங்கே ஒரு நாளைக்கு இருமுறை ஏற்றம், இருமுறை வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றரை மீட்டர். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. நாலு பக்கமும் பாறை சூழ்ந்த ஒரு சின்னக் குடாவில் ஒன்றரை மீட்டர் நீர் ஏறினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மணல் ஒரு துண்டளவு சுருங்கிவிடும், பக்கத்துக் குடாக்களுக்குப் பாறை இடுக்கில் குனிந்து போகும் வழிகள் நீருக்குள் மூழ்கிவிடும். வற்றத்தில் அதே இடம் இரண்டு மூன்று மடங்கு அகலம். பாறைகளுக்கு நடுவே கணுக்கால் நீரில் நடந்து அடுத்த குடாவுக்குப் போகலாம். அங்கே ஆளும் குறைவு.

கேப் கரையில் ஒரு நல்ல ஒழுங்கு உண்டு: அமாவாசை, பௌர்ணமி நாள்களில் வற்றம் எப்போதும் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் வரும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அஷ்டமி வரும்போது வற்றம் மதியம் மூன்று, நான்குக்குப் போய்விடும், காலையில் ஏற்றம் இருக்கும். ஆகவே வீட்டு நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்து, அந்த நாளிலோ அடுத்த இரண்டு நாளிலோ பவுல்டர்ஸை வைத்துக்கொண்டால், எட்டரை மணிக்கு மணலில் இருக்கும்போது கடல் உங்களுக்காக இறங்கிக்கொண்டிருக்கும். நிமிடக் கணக்கு வேண்டுமானால் சைமன்ஸ் டவுனுக்கான ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. ஒரே எச்சரிக்கை: வற்றத்தில் பாறை இடுக்கு வழியாக அடுத்த குடாவுக்குப் போனால், கடல் திரும்பத் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுங்கள். சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் வழுக்குப் பாறையைக் கடப்பது ஆபத்தான வேலை.

காற்று அடுத்தது. அக்டோபர் முதல் மார்ச் வரை தென்கிழக்குக் காற்று இந்த ஊரின் ராஜா. இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும், பிறகு ஓயும். காலையில் லேசாக இருந்து மதியத்துக்கு மேல் வலுக்கும். பாறைகள் பாதிக் காற்றைத் தடுத்துவிடும் என்பதால் மற்ற கடற்கரைகளில் மணல் முகத்தில் அறையும் நாளில்கூட இங்கே பாறை ஓரமாக ஒதுங்கி உட்கார முடியும். ஆனால் பலமான காற்று நாளில் நீர் கலங்கி, கெல்ப் என்ற தடித்த கடற்பாசி குவியலாகக் கரை ஒதுங்கும், குளிக்க நன்றாக இருக்காது. முன்னறிவிப்பில் தென்கிழக்கிலிருந்து மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் என்று இருந்தால் வேறு நாளுக்கு மாற்றுங்கள். குளிர்கால வடமேற்குக் காற்று மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் அப்போது கடல் தட்டையாகக் கிடக்கும், ஆனால் மழையும் குளிரும் சேர்ந்துகொள்ளும்.

நீரின் குளிர்ச்சிதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய அதிர்ச்சி. கேம்ப்ஸ் பே, கிளிஃப்டன் போன்ற அட்லாண்டிக் பக்கக் கடற்கரைகளில் கோடையிலும் நீர் 10 முதல் 14 டிகிரி. தென்கிழக்குக் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருவதால் அப்படி. சைமன்ஸ் டவுன் பக்கம் அது இல்லை, டிசம்பரில் 17 முதல் 20 டிகிரி இருக்கும். உள்ளூர்க்காரர்கள் இதை வெதுவெதுப்பு என்பார்கள். 27, 28 டிகிரி வங்கக் கடலில் ஆடிய குழந்தைக்கு இது ஐஸ்தான். முழங்கால் வரை நனைத்து, கை முகத்தில் தெளித்து, மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கூப்பிட்டுத் துடைத்துப் போர்த்துங்கள். உதடு நீலமானால், நடுக்கம் நிற்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் அரைக்கை வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) ஒன்று வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ அதே பிள்ளை ஒரு மணி நேரம் ஆடும். ஆளுக்கு இரண்டு துண்டு, ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். ஃப்ளாஸ்கில் சூடான பால் கொண்டுபோனால் பிள்ளைகள் உங்களை வாழ்த்துவார்கள்.

அலை இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். பிள்ளைகளைக் கை எட்டும் தூரத்தில் வைத்திருப்பது பெரியவர்களின் பொறுப்பு. குடாவின் வாய்ப்பக்கம், அதாவது வெளிப் பாறைகளைத் தாண்டிப் போனால், நீர் ஏறி இறங்கி உறிஞ்சும். அங்கே போக வேண்டாம். பாறையிலிருந்து குதிக்கவே கூடாது, நீருக்கடியில் இன்னொரு பாறை ஓர் அடி ஆழத்தில் கிடக்கும். பாறை இடுக்குகளில் உடம்பெல்லாம் முள்ளாகக் கடல் முள்ளெலிகள் ஒட்டியிருக்கும், ரப்பர் அடி வைத்த நீர்ச் செருப்பு போடுங்கள். தென்கிழக்குக் காற்று சில நாள் அடித்த பிறகு நீலப் பை போன்ற சின்ன மிதவைகள் கரை ஒதுங்கியிருந்தால் அவை புளூபாட்டில். செத்ததுபோல் மணலில் கிடந்தாலும் கொட்டும். கொட்டிவிட்டால் ஒட்டியிருக்கும் இழைகளைக் கடல்நீரால் கழுவி எடுத்து, கை தாங்கும் சூடுள்ள வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். வினிகர் ஊற்ற வேண்டாம். மூச்சுத் திணறல் வந்தால் கைப்பேசியிலிருந்து 112.

சுறா பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஃபால்ஸ் பே வெள்ளைச் சுறாக்களுக்குப் பேர்போனது. 2010களின் பிற்பகுதியிலிருந்து அவை இந்த வளைகுடாவில் வெகுவாகக் குறைந்துவிட்டன, ஓர்க்கா திமிங்கிலங்கள் அவற்றை வேட்டையாடத் தொடங்கியது ஒரு முக்கியக் காரணமாகப் பேசப்படுகிறது. பாறைகளுக்குள் இடுப்பளவு நீரில் இருக்கும் குழந்தைக்கு அது கவலையே இல்லை. ஆனால் ஃபிஷ் ஹூக், மியூஸன்பெர்க் கடற்கரைகளிலும் நிற்பீர்கள் என்றால் அங்கே மலைமேலிருந்து சுறா பார்ப்பவர்கள் ஏற்றும் கொடிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை: தெளிவாகத் தெரிகிறது, சுறா இல்லை. கறுப்பு: நீர் கலங்கல், சரியாகப் பார்க்க முடியவில்லை. சிவப்பு: எச்சரிக்கை. வெள்ளைக் கொடியில் கறுப்புச் சுறா வரைந்து சைரன் ஒலித்தால் உடனே எல்லோரும் கரையேற வேண்டும்.

இனி பென்குயின். நீங்கள் அங்கே விருந்தாளி, வீட்டுக்காரர் அவர்தான். 1982இல் இங்கே வெறும் இரண்டு ஜோடி. வளைகுடாவுக்குள் சுருக்குமடி வலை போடுவது நிறுத்தப்பட்டதால் நெத்திலியும் மத்தியும் மிஞ்சின, பாறையும் புதரும் கூடுகட்ட இடம் கொடுத்தன, கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. ஆனால் இனம் மொத்தமும் தேய்ந்துகொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் ஆப்பிரிக்கப் பென்குயினை மிக அருகிய இனமாக, அதாவது அழிவுக்கு முந்திய படியில் வைத்தார்கள். உலகில் இனப்பெருக்க ஜோடிகள் பத்தாயிரத்துக்கும் குறைவு. முக்கியக் காரணம் இரை மீன் பற்றாக்குறை. 2025 மார்ச்சில் தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி ஆறு பெரிய பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றி பத்தாண்டுகளுக்கு நெத்திலி, மத்தி பிடிக்கும் சுருக்குமடி மீன்பிடிப்புக்குத் தடை வந்திருக்கிறது. பவுல்டர்ஸ் கூட்டத்துக்கும் அடி விழாமல் இல்லை: 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 63 பென்குயின்கள் தேனீ கொட்டிச் செத்தன, கண்ணைச் சுற்றிய இறகற்ற இளஞ்சிவப்புத் தோலில்தான் கொட்டியிருந்தது. அடுத்த ஆண்டு பறவைக் காய்ச்சல். இந்த நிலையில் ஒரு பறவை பயந்து கூட்டை விட்டு எழுந்து போனால்கூட அது இழப்புதான்.

டிசம்பரில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் இறகு உதிர்க்கும் பென்குயின்கள். இதை முன்பே தெரிந்துகொள்ளாவிட்டால் பறவைக்கு நோய் என்று பதறிப்போவீர்கள். பழைய இறகு கொத்துக் கொத்தாக எழும்பி, ஒரு பக்கம் பஞ்சாகப் பொங்கி, இன்னொரு பக்கம் புதிய கறுப்பு இறகு பளபளக்க, கால்களைச் சுற்றி வெள்ளை இறகுகள் சிதறிக் கிடக்க, அசையாமல் நிற்கும். சுமார் மூன்று வாரம் இப்படி. அந்த நாள்களில் இறகில் நீர் ஒட்டாத தன்மை இல்லாததால் கடலில் இறங்க முடியாது, இறங்கினால் குளிரில் விறைத்துவிடும். எனவே சாப்பாடே கிடையாது. முன்கூட்டியே தின்று சேர்த்த கொழுப்பில் உயிர் வாழ்ந்து, உடல் எடையில் பாதியளவு இழந்துவிடும். இப்படி நிற்கும் ஒன்றைப் படம் எடுக்க விரட்டி நீருக்குள் தள்ளுவது அதைக் கொல்வதற்குச் சமம். பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள், ஆறு வயதுக்கு நன்றாகவே புரியும்.

குறைந்தது மூன்று மீட்டர் தூரம் வையுங்கள். அதுவே உங்களை நோக்கி நடந்து வந்தால் அசையாமல் இருங்கள், போய்விடும். கடலுக்கும் பென்குயினுக்கும் நடுவில் நிற்காதீர்கள், அதன் வழி அதுதான். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்து, உடனே மறுபக்கம் சாய்த்து மறு கண்ணால் பார்த்து, மாறி மாறித் தலையை ஆட்டும். பார்க்க நாட்டியம் போல அழகாக இருக்கும், எல்லோரும் சிரித்துக்கொண்டே கிட்டே போவார்கள். உண்மையில் அது எச்சரிக்கை, அடுத்தது கொத்துதான். அலகின் நுனி கொக்கிபோல் வளைந்து, விளிம்பு கத்தியாக இருக்கும். பிள்ளைகளின் விரலும் மூக்கும் அதற்குச் சரியான உயரத்தில் இருக்கின்றன. உணவு கொடுப்பது, தொடுவது, ஃப்ளாஷ் அடிப்பது, ட்ரோன் விடுவது எதுவும் கூடாது. மது, நாய், சிகரெட் இவற்றுக்கும் உள்ளே இடமில்லை. காயம்பட்ட பறவையைப் பார்த்தால் நீங்களே தூக்காமல் பூங்காக் காவலரிடம் சொல்லுங்கள். சான்காப் என்ற கடல்பறவை மீட்பு அமைப்புக்கு அவர்கள் தகவல் சொல்வார்கள்.

கழுதை கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டால் அதுவும் பென்குயின்தான். நாற்றமும் இருக்கும், ஆயிரக்கணக்கான மீன் தின்னிப் பறவைகளின் எச்சம் அது. ஐந்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும்.

உங்கள் மாமியாருக்கு: பவுல்டர்ஸ் மணலுக்குப் படிக்கட்டு இறங்க வேண்டும், பிறகு மென்மணல், பாறை. முழங்கால் வலிக்கு அது ஒத்துவராது. ஃபாக்ஸி பக்க மரப்பலகைப் பாதை சமதளம், சக்கர நாற்காலியும் போகும். அவரை அங்கே அழைத்துப் போனால் பென்குயினை நீங்கள் பார்ப்பதைவிட நன்றாகப் பார்த்துவிடுவார். காத்திருக்கும் நேரத்துக்கு வாயிலுக்கு வெளியே உள்ள சீஃபோர்த் கடற்கரை நல்லது. கட்டணமில்லை, புல்தரை, மர நிழல், அமைதியான நீர். சில நேரம் ஒன்றிரண்டு பென்குயின் அங்கேயும் நீந்தி வரும். பவுல்டர்ஸ் நிரம்பிவிட்டால் பிள்ளைகளைக் குளிக்கவிட சீஃபோர்த்தே போதும் என்பது என் கருத்து. இன்னும் அகலமான மணல், நீச்சலுக்கு உயிர்காப்பாளர் வேண்டுமென்றால் வழியிலேயே ஃபிஷ் ஹூக் இருக்கிறது. கோடையில் அதன் தென்முனையில் நீந்துமிடத்தைச் சுற்றிச் சுறாத் தடுப்பு வலையும் போடுகிறார்கள், காற்றும் அலையும் அனுமதிக்கும் நாள்களில்.

அதனால் டிசம்பரில் நான் சொல்லும் வரிசை இது. ஏழரைக்கு நேரே பெல்வ்யூ சாலை வாயில், ஏனென்றால் அங்கே பிறகு கூட்டம் ஏறிவிடும். பிள்ளைகளும் ஒரு பெரியவரும் பவுல்டர்ஸ் மணலுக்கு இறங்கட்டும். இன்னொருவர் மாமியாரைக் காரில் சீஃபோர்த் பக்கம் கொண்டுபோய் ஃபாக்ஸி மரப்பாதையைக் காட்டட்டும். பத்தரை வாக்கில் கூட்டம் ஏறும்போது பிள்ளைகளைத் துடைத்து, வில்லிஸ் நடைபாதை வழியாக நடத்திக் கூட்டிவந்தால் பத்து நிமிடத்தில் ஃபாக்ஸி. பதினொன்றரைக்குள் எல்லாம் முடிந்துவிடும். மணலில் கடை எதுவும் கிடையாது. குடிநீர், தொப்பி, சன்ஸ்கிரீன், மாற்றுடை எல்லாம் கொண்டுபோக வேண்டும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது. தெற்குக் கோடை வெயில் நம் தோலையும் பொசுக்கும்.

போகும் வழி: காரில் வந்தால் மியூஸன்பெர்க், காக் பே, ஃபிஷ் ஹூக் வழியாகக் கடலை ஒட்டிய எம்4 சாலை அழகானது. நம்மைப்போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு. கடற்கரைச் சாலை நெரிசலாக இருந்தால் மலை மேல் போகும் ஓவ் காப்சே வெக் மாற்று வழி. வாகன நிறுத்தத்தில் மஞ்சள் சட்டைக் காவலர்கள் இருப்பார்கள், திரும்பும்போது ஐந்து பத்து ராண்டு கொடுப்பது வழக்கம். காரில் பை, கேமரா எதையும் கண்ணில் படும்படி விட்டுப் போகாதீர்கள். கிளம்புமுன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே பாருங்கள், நிழலுக்காகப் பென்குயின் அங்கே உட்கார்ந்திருக்கும். நகரத்திலிருந்து ரயில் பாதையும் உண்டு, ஃபிஷ் ஹூக் தாண்டியதும் தண்டவாளம் அலைநுனியில் ஓடும். ஆனால் அந்தக் கடைசிப் பகுதியில் சேவை அடிக்கடி தடைபடும், சைமன்ஸ் டவுன் நிலையத்திலிருந்தும் அரை மணிக்கு மேல் நடக்க வேண்டும். முழங்கால் வலியோடு வேண்டாம்.

ஊருக்குள் மதியம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். ஜூபிலி சதுக்கத்தில் ஜஸ்ட் நியூசன்ஸ் என்ற கிரேட் டேன் நாய்க்குச் சிலை இருக்கிறது. 1939இல் பிரிட்டிஷ் கடற்படையில் முறைப்படி மாலுமியாகச் சேர்க்கப்பட்ட நாய், 1944இல் இறந்தது. பிள்ளைகள் விடமாட்டார்கள். கடலுக்குள் தெரியும் ஒற்றைக் கலங்கரை விளக்கம் ரோமன் ராக், 1861 முதல் ஒரு பாறைமேல் நிற்கிறது. பெரியவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: 1967இல் நிறவெறி ஆட்சியில் இந்த ஊரை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, தலைமுறைகளாக இருந்த மலாய் முஸ்லிம்களையும் கறுப்பின மக்களையும் ஓஷன் வியூ, குகுலேத்து போன்ற இடங்களுக்குத் துரத்தினார்கள். அந்தக் குடும்பங்களின் நினைவுகளை ஹெரிட்டேஜ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தச் சமூகத்தின் பள்ளிவாசல் இன்னும் மலைச்சரிவில் நிற்கிறது.

ஒரு முழு நாள் பவுல்டர்ஸுக்கு மட்டும் தேவையில்லை, அரை நாள் போதும். மீதி அரை நாளை கேப் பாயின்ட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதே சாலையில் இன்னும் தெற்கே அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். பலர் கேப் பாயின்ட்டை முதலில் முடித்துவிட்டு மதியம் இங்கே வருகிறார்கள், சரியாகக் கூட்டத்தில் மாட்டுவது அவர்கள்தான். நீங்கள் எதிர்த் திசையில் போங்கள். சைமன்ஸ் டவுனைத் தாண்டியதும் சாலையோரம் பபூன் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். கண்ணாடியை ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், கைப்பிடியைத் திறக்க அவற்றுக்குத் தெரியும். பிள்ளைகளின் பிஸ்கட் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்த பிறகு ஊரைத் தாண்டுங்கள்.